போலி இரையும் பெருவாய் மீனும்

தூண்டில் என்று சொன்னதும் நம் நினைவுக்கு வருவது ஒரு கம்பும், நைலோன் நூலும், சிரட்டையில் அள்ளி வைத்த மண்புழுவும்தான். மீனுக்கு அது விரும்பும் உணவைக் காட்டி அதைப் பிடிப்பதே நமக்குத் தெரிந்த முறை. ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இலட்சக்கணக்கானோர் தமது தூண்டிலில் மாட்டுவது புழுவுமல்ல, இறாலுமல்ல. தொட்டால் ஜெலியைப் போல நெளியும் ஒரு பிளாஸ்டிக் மீனையே அவர்கள் மாட்டுகின்றனர். அதற்கு உயிரில்லை, ஊட்டமுமில்லை. ஆயினும் நீருக்குள் இழுத்ததும் அது வாலை ஆட்டி, உடலை அசைத்து, உயிருள்ள மீனைப் போலவே நீந்துகிறது. அதனை உண்மையென்று நம்பிப் பெரிய மீனொன்று பாய்ந்து வந்து கௌவுகிறது.

இந்தப் பொம்மை மீனை ‘ஸ்விம்பெய்ட்’ என்று அழைக்கிறார்கள். நாம் இதனை ‘நீந்தும் போலி இரை’ என்று சொல்லிக் கொள்வோம். ஆண்களின் பொழுதுபோக்குப் பொருளொன்றைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் என்ன பேச்சு என்று வாசக சகோதரிகள் கேட்கக் கூடும். இந்தப் பொம்மையின் மூதாதை ஒரு வீட்டு அடுப்பில் பிறந்தது. அது வளர்த்துவிட்ட விளையாட்டோ கடல் கடந்து சென்று, வேறொரு நாட்டின் வீடுகளில் பரம்பரை பரம்பரையாகச் செய்துவந்த ஓர் உணவையே அரிதாக்குவதில் பங்கெடுத்தது. ஆகவே இது நாமும் அறிந்திருக்க வேண்டிய ஒரு கதையாகும்.

பெருவாய் மீன்

இந்தப் போலி இரையால் அதிகமாகப் பிடிக்கப்படுவது ‘பாஸ்’ எனப்படும் நன்னீர் மீனாகும். அதிலும் ‘பெருவாய் பாஸ்’ என்ற இனமே பெயர் பெற்றது. வட அமெரிக்காவின் கிழக்கு, மத்திய பகுதிகளிலுள்ள ஆறுகளும் வாவிகளுமே இதன் சொந்த இடங்கள். பச்சை நிற உடல். இருபக்கமும் நீளவாக்கில் ஓடும் கருநிறப் பட்டி. கண்ணுக்கும் பின்னால் வரை பிளந்து நிற்கும் வாய். இவையே இதன் அடையாளங்கள்.

இது இரையைத் துரத்தித் திரியும் மீனல்ல. நம் குளத்து விராலைப் போல நீர்ச்செடிகளின் ஓரத்திலும், விழுந்து கிடக்கும் மரங்களின் நிழலிலும் அசையாது காத்திருக்கும். சிறு மீனோ தவளையோ அருகில் வந்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் வாயை அகலத் திறக்கும். அவ்வேளை நீர் உள்ளே பாயும். அந்நீரோடு இரையும் போய்விடும். கடித்துப் பிடிப்பதைவிட உறிஞ்சி எடுப்பதே இதன் வழக்கம்.

கண்பார்வையோடு இன்னொரு புலனும் இதற்கு உதவுகிறது. மீன்களின் உடலின் இருபக்கமும் ‘பக்கக்கோடு’ என்றொரு உறுப்பு உண்டு. நீரில் ஏற்படும் சிறு அதிர்வையும் அது உணர்ந்து கொள்ளும். கலங்கிய நீரிலும் இருளிலும் இரை எந்தப் பக்கம் அசைகிறது என்பதை இம்மீன் அறிவது இதன் உதவியாலேயே. போலி இரையின் வெற்றிக்குரிய காரணமும் இங்கேதான் இருக்கிறது.

வீட்டு அடுப்பில் பிறந்த புழு

முற்காலத்தில் போலி இரைகளை மரத்தாலும் உலோகத்தாலும் செய்தார்கள். 1932 ஜூன் 2ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், ஜோர்ஜ் பெரி என்ற 20 வயது விவசாயி இத்தகைய மர மீனொன்றைக் கொண்டு ஒரு பெருவாய் பாஸைப் பிடித்தார். அதன் நிறை 22 இறாத்தல் 4 அவுன்ஸ். அதாவது 10 கிலோகிராமுக்கும் சற்று அதிகம். அது பொருளாதாரம் சீர்குலைந்து மக்கள் வறுமையில் வாடிய காலம். உலக சாதனை படைத்த அந்த மீனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்க அவருக்கு வசதியிருக்கவில்லை. நிறுத்துப் பதிவு செய்த பின்னர் வீட்டுக்குக் கொண்டு சென்றார். குடும்பத்தார் சமைத்து உண்டார்கள்.

மரமும் உலோகமும் கடினமானவை. மீன் வாயில் எடுத்த மறுகணமே இது இரையல்ல என்று உணர்ந்து துப்பிவிடும். இந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர்கள் ஓஹையோ மாநிலத்து அக்ரோன் நகரில் வாழ்ந்த நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவி கொஸ்மாவும் ஆவர். 1949இல் இவ்விருவரும் தமது வீட்டு அடுப்பில் வைனைல் பிளாஸ்டிக்கையும் எண்ணெயையும் சாயத்தையும் கலந்து காய்ச்சி, மண்புழுவைப் போன்ற மென்மையான போலி இரையொன்றை வார்த்தெடுத்தனர். பாகு பதம் பார்ப்பது போலப் பலமுறை காய்ச்சிப் பார்த்துத்தான் அவர்கள் அந்தப் பதத்தைக் கண்டிருக்க வேண்டும். பின்னர் அது பெருந் தொழிலாக வளர்ந்து டெக்சஸ் மாநிலத்துக்கு இடம் பெயர்ந்தது.

இன்றைய செய்முறையும் அடிப்படையில் அதுவே. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கின் மாவையும், அதனை மென்மையாக்கும் எண்ணெய் போன்ற திரவத்தையும் கலந்து, சுமார் 175 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, அச்சில் ஊற்றி ஆற விடுகிறார்கள். நிறம், மினுக்கம், உப்பு, மீன் வாடை ஆகியனவும் சேர்க்கப்படுவதுண்டு. வாயில் எடுத்த மீன் உண்மையான சதையென்று எண்ணி மேலும் ஓரிரு செக்கன்கள் வைத்திருக்கும். தூண்டிற்காரருக்கு அந்த ஓரிரு செக்கன்களே போதும்.

வாலில் உள்ள சூட்சுமம்

புழுவுக்குப் பின்னர் மீன் வடிவம் வந்தது. நீந்தும் போலி இரையின் உயிர் அதன் வாலில் இருக்கிறது. உடலிலிருந்து ஒடுங்கி வரும் மெல்லிய தண்டின் முடிவில், துடுப்பின் அலகைப் போன்ற தட்டையான துண்டொன்று குறுக்காக நிற்கும். நூலை இழுக்கும்போது நீர் அத்துண்டில் மோதி அதனை ஒருபுறம் தள்ளும்; மெல்லிய தண்டு வளைந்து மீளும்; உடனே மறுபுறம் தள்ளும். இவ்வாறு மோட்டாரோ சாவியோ இல்லாமல் வால் இடமும் வலமுமாக அடித்துக் கொண்டேயிருக்கும். வாலோடு உடலும் சற்று உருளும். அதனால் எழும் அதிர்வு, சிறு மீனொன்று நீந்தும்போது எழும் அதிர்வை ஒத்திருக்கும். மறைவில் காத்திருக்கும் பாஸின் பக்கக்கோட்டுக்கு அது ஓர் அழைப்பாகிவிடுகிறது.

பொதுவாகப் பயன்படுத்தப்படுபவை 3 முதல் 6 அங்குலம் வரை நீளமானவை. சிலவற்றின் உடல் உள்ளே வெறுமையாக இருக்கும். மீன் கௌவியதும் அது நசுங்கி முள் வெளியே வரும். சிலவற்றின் தலையில் ஈயமும் முள்ளும் சேர்ந்திருக்கும். செடிகள் நிறைந்த இடத்துக்கென்றால் முள்ளின் நுனியைப் பொம்மையின் முதுகுச் சதைக்குள் மறைத்துக் குத்துவார்கள். அப்போது செடியில் சிக்காமல் வழுக்கிக் கொண்டு வரும்.

போடும் முறை

இதனைப் போடுவதிலும் பொறுமை வேண்டும். மீன் இருக்கக் கூடிய மரத்தின் அல்லது செடிக் கூட்டத்தின் மேலேயே போட்டால் மீன் கலைந்துவிடும். அதற்கு அப்பால் எறிந்து, வேண்டிய ஆழத்துக்கு அமிழும் வரை மனதில் எண்ணிக் காத்திருந்து, பின்னர் ஒரே சீராகச் சுற்றி இழுக்க வேண்டும். அந்த மறைவின் அருகே வரும்போது ஒரு கணம் நிறுத்தி விட்டால், களைத்த மீனொன்று தடுமாறுவது போலத் தோன்றும். பெரும்பாலும் பாய்ச்சல் நிகழ்வது அவ்வேளையில்தான்.

குளிர்ந்த நீரில் மீனின் உடல் மந்தமாக இருக்குமாகையால் மெதுவாக இழுக்க வேண்டும். நீர் சூடேறிய காலத்தில் வேகமாக இழுக்கலாம். தெளிந்த நீருக்கு அங்குள்ள சிறு மீன்களின் இயல்பான நிறமும், கலங்கிய நீருக்குக் கடும் நிறமும் பொருந்தும். முதல் அதிர்வு கையில் தெரிந்தவுடன் பதறி வெட்டி இழுப்பவருக்குப் பெரும்பாலும் வெறும் முள்தான் கிடைக்கும். கம்பு பாரத்தில் வளையும் வரை பொறுத்து, பின்னர் ஒரே வீச்சில் உயர்த்துவதே அனுபவசாலிகளின் முறையாகும்.

மீனின் வழக்கத்தைப் பார்த்துச் செய்த மீன்

இக்கலை பெரிதாக வளர்ந்த இடம் தென் கலிபோர்னியாவாகும். அங்கு பாஸ் சொந்த மீனல்ல. மனிதரே கொண்டு வந்து விட்டனர். 1959இல் புளோரிடாவிலிருந்து, மிகப் பெரிதாக வளரும் ஒரு வகை பாஸின் குஞ்சுகள் சான் டியாகோ நகரின் நீர்த்தேக்கங்களுக்குக் கொண்டு வரப்பட்டன. அதே பகுதி நீர்த்தேக்கங்களில், குளிர்காலத்தில் தூண்டில் போட வருவோருக்காகப் பண்ணையில் வளர்த்த ட்ரவுட் மீன்களையும் விட்டு வந்தனர். பண்ணையில் வளர்ந்த அந்த மீன்களுக்கு எதிரியைத் தெரியாது. பாஸ்களுக்கோ அது விருந்தாயிற்று. கெசிடாஸ், கெஸ்டைக் போன்ற நீர்த்தேக்கங்களில் 20 இறாத்தலையும் தாண்டிய பாஸ்கள் பிடிபட்டன.

இந்தப் பெரும் மீன்களுக்கு 4 அங்குலப் பொம்மை ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. ஆகவே சில தூண்டிற்காரர்கள் அவை உண்டு பழகிய ட்ரவுட்டின் உருவத்தையே செய்யத் தொடங்கினர். முதலில் மரத்தாலும், பின்னர் 1980களிலும் 1990களிலும் மென்பிளாஸ்டிக்காலும் 8 அங்குலம், 10 அங்குலம் நீளமான போலி இரைகள் உருவாயின. செதிலும் புள்ளியும் செவுளின் சிவப்பும் தத்ரூபமாகத் தீட்டப்பட்ட அவற்றில் சில 100 கிராமுக்கும் அதிக நிறையுடையவை. ஒரு நாள் முழுவதும் எறிந்தும் ஒரு மீனும் கிடைக்காத நாட்களே அதிகம். ஆயினும் வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் அந்தப் பெரிய மீனுக்காக அவர்கள் காத்திருந்தனர். மீன் எதை உண்டு பழகியதோ அதைக் காட்டியே அதனை வீழ்த்தினர்.

கூட்டைக் காக்கும் தந்தை

இவ்விடத்தில் பாஸின் குடும்ப வாழ்வையும் சொல்ல வேண்டும். வசந்த காலத்தில் நீர் சற்றுச் சூடேறியதும், ஆண் மீன் கரையோரத்து ஆழமற்ற நீரில் வாலால் பெருக்கி வட்டமான கூடொன்றை அமைக்கும். பெண் மீன் வந்து முட்டையிட்டுச் சென்றுவிடும். அதன் பின் காவல் முழுவதும் தந்தையின் பொறுப்பே. முட்டைகளுக்கு மேல் துடுப்பை விசிறி நீரோட்டம் கொடுக்கும்; சரியாக இரையும் தேடாது; குஞ்சுகள் பொரித்துக் கூட்டமாக நீந்தத் தொடங்கிய பின்னரும் சில காலம் கூடவே திரியும்.

அந்தக் கூட்டின் மேலாகப் போலி இரையொன்றை இழுத்தால் ஆண் மீன் அதைத் தாக்கும். பசியினால் அல்ல, பிள்ளைகளைக் காக்கவே தாக்கும். அதனைப் பிடித்து, புகைப்படம் எடுத்து, மீண்டும் நீரில் விட்டாலும் தீங்கு தீங்குதான். அது இல்லாத அந்தச் சில நிமிடங்களில் ‘புளூகில்’ போன்ற சிறு மீன்கள் திரண்டு வந்து முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. ஆகவேதான் மனச்சாட்சியுள்ள தூண்டிற்காரர்கள் கூட்டில் நிற்கும் மீனைத் தொடுவதில்லை. சில பிரதேசங்களில் சட்டமே அதனைத் தடுத்திருக்கிறது. பிடித்த மீனை விடுவதாயிருந்தாலும் கையை நனைத்துக் கொண்டு தொடுதல், தாடையில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றையும் தாங்கிப் பிடித்தல், விரைவில் நீரில் விடுதல் ஆகியன பேணப்பட வேண்டியவை.

இன்னொரு தீங்கு பொம்மையினால் வருவது. மென்மையான பிளாஸ்டிக் எளிதில் கிழிந்து முள்ளிலிருந்து கழன்றுவிடும். அது நீரில் உக்கி அழிவதில்லை. அதனை விழுங்கும் மீன்களின் வயிற்றில் அது அப்படியே தங்கிவிடுவதுண்டு. 2013இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் மென்மையான போலி இரைகளைத் தடை செய்யும் யோசனையொன்று சட்டசபைக்குக் கொண்டு வரப்பட்டது. தடை நிறைவேறாவிட்டாலும் விடயம் ஆராய்ச்சிக்கு எடுக்கப்பட்டது. ஜப்பானில் புஜி மலையடிவாரத்திலுள்ள கவாகுச்சி வாவியிலோ, 2000களில் இத்தகைய பிளாஸ்டிக் இரைகளுக்குத் தடையே விதிக்கப்பட்டது.

அமெரிக்க மீனான பாஸ் ஜப்பானிய வாவிக்குள் எப்படி வந்தது என்ற கேள்வி இங்கு எழுகிறதல்லவா?

பிவா வாவியில் நடந்தது

1925இல் அகபோஷி தெட்சுமா என்ற ஜப்பானியத் தொழிலதிபர், கலிபோர்னியாவிலிருந்து பாஸ் மீன்களைக் கொண்டு வந்து ஆஷி என்னும் மலை வாவியில் விட்டார். உணவுக்கும் பொழுதுபோக்குக்கும் உதவும் என்பதே அவரது எண்ணம். 1970களில் போலி இரையால் மீன் பிடிக்கும் விளையாட்டு ஜப்பானிய இளைஞரிடையே பரவியபோது, ஊருக்கு ஊர் பாஸ் தேவைப்பட்டது. எவரிடமும் கேளாமல், எவருக்கும் சொல்லாமல், வாளியில் கொண்டு சென்று குளங்களிலும் வாவிகளிலும் விட்டார்கள். 1974இல் அந்நாட்டின் மிகப் பெரிய வாவியான பிவாவிலும் இம்மீன் காணப்பட்டது.

பிவா வாவி சுமார் 670 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. 40 இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. ஏறத்தாழ 1 கோடி 40 இலட்சம் மக்களுக்கு நீர் வழங்குவது. உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் அதில் வாழ்கின்றன. ‘நிகொரோபுனா’ என்ற கெண்டை வகை அவற்றுள் ஒன்று. அவ்வூர்ப் பெண்கள் இதனைக் கொண்டு ‘ஃபுனாசுஷி’ என்ற உணவைத் தயாரித்து வந்தனர். வசந்த காலத்தில் சினையோடு கிடைக்கும் மீனைச் சுத்தம் செய்து, மாதக் கணக்கில் உப்பில் ஊற வைப்பார்கள். பின்னர் கழுவி, சோற்றோடு அடுக்கடுக்காக மரத் தொட்டியில் வைத்து, மேலே பாரக் கல் ஏற்றிப் புளிக்க விடுவார்கள். பல மாதங்களின் பின்னரே, சில வேளை ஓராண்டுக்கும் மேற்பட்ட காலத்தின் பின்னரே, அது உண்பதற்குப் பதமாகும். நம்மிடையே கருவாடும் ஜாடியும் போல அது அவர்களுடைய சேமிப்பு உணவு. பெருநாள் பண்டம் போல விருந்தினருக்கு வைக்கும் பெருமைக்குரிய உணவும் அதுவே.

நிகொரோபுனாவின் முட்டைகளும் குஞ்சுகளும் வளர்வது கரையோர நாணல்களின் இடையில். கரைகளைக் கொங்கிரீட்டால் கட்டியபோது நாணல்கள் குறைந்தன. வயல்களுக்குச் செல்லும் வழிகளும் அடைபட்டன. எஞ்சிய இடத்தில் பாஸும் புளூகிலும் வாய் திறந்து காத்திருந்தன. சொந்த மீன்கள் அருகின. ஃபுனாசுஷி விலை ஏறி, சாதாரண வீடுகளுக்கு எட்டாத பண்டமாகிவிட்டது.

புளூகில் வந்த விதமும் சிந்திக்கத் தக்கது. 1960இல் அப்போதைய முடிக்குரிய இளவரசர் அகிஹிதோ அமெரிக்கா சென்றபோது, சிக்காகோ நகர முதல்வர் இம்மீன்களை அவருக்கு அன்பளிப்புச் செய்தார். உணவுக்காக வளர்க்கலாம் என்ற நல்லெண்ணத்தில் அவர் அவற்றை ஆராய்ச்சி நிலையத்துக்கு வழங்கினார். பின்னாளில் அவை நாடெங்கும் பரவின. 2007இல், பேரரசராக இருந்த நிலையில், பிவா வாவிக் கரையிலுள்ள ஒட்சு நகரில் நடந்த கூட்டமொன்றில், இவ்விளைவு தம் மனதை வருத்துவதாக அவர் பகிரங்கமாகவே கூறினார்.

வாவியைச் சூழவுள்ள ஷிகா மாகாணம் 2002இல் ஒரு சட்டத்தை இயற்றி, 2003 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது. பிவா வாவியில் பிடித்த பாஸையும் புளூகிலையும் மீண்டும் நீரில் விடக் கூடாது என்பதே அச்சட்டம். பிடித்தவற்றைப் போடுவதற்குக் கரையோரங்களில் பெட்டிகளும் வைக்கப்பட்டன. வாவிக் கரையிலுள்ள அரும்பொருட் காட்சிச்சாலையின் உணவகத்தில் பாஸைப் பொரித்துச் சோற்றின் மேல் வைத்து விற்கவும் தொடங்கினர். 2005இல் நாடு தழுவிய சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இவ்விரு மீன்களையும் உயிருடன் கொண்டு செல்வதும் வளர்ப்பதும் புதிய இடங்களில் விடுவதும் தடை செய்யப்பட்டன.

ஆனால் பரவியது பரவியதுதான். 2009 ஜூலை 2ஆம் திகதி, குறிட்டா மனாபு என்பவர் பிவா வாவியில் 10.12 கிலோகிராம் நிறையுள்ள பெருவாய் பாஸொன்றைப் பிடித்தார். 77 ஆண்டுகள் நிலைத்திருந்த ஜோர்ஜ் பெரியின் சாதனையை அது சமன் செய்தது. உண்மையில் சுமார் ஓர் அவுன்ஸ் அதிகம்தான். ஆயினும் முந்திய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. அவர் இரையாகப் பயன்படுத்தியது உயிருள்ள புளூகில் மீன். பிடிபட்டதும் அந்நியம், இரையும் அந்நியம், நீர் மட்டுமே ஜப்பானுடையது! உலகப் பதிவேட்டில் அது சாதனை. ஃபுனாசுஷித் தொட்டியை மூடி வைத்துவிட்ட வீட்டுக்காரிக்கு அது என்னவாக இருக்கும் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

நமது வீட்டுத் தொட்டி

இது எங்கோ நடந்த கதை என்று நாம் இருந்துவிட முடியாது. நமது நாட்டில் தூண்டில் விளையாட்டுக்காக எவரும் பாஸைக் கொண்டு வந்து நம் குளங்களில் பரப்பவில்லை. ஆனால் கண்ணாடித் தொட்டியில் அழகுக்காக வளர்த்த மீன்கள் பரவியிருக்கின்றன. கத்தி போன்ற உடலுடைய நைஃப் மீனும், தொட்டியின் பாசியைத் தின்னும் ‘டாங்க் கிளீனர்’ மீனும் இன்று இலங்கையின் நீர்நிலைகளில் ஊடுருவிய அந்நிய இனங்களாகக் கணிக்கப்படுகின்றன. இவை தாமாக வந்தவையல்ல. வளர்ந்து பெரிதாகி, தொட்டி கொள்ளாமல் போனபோது, கொல்லவும் மனமின்றி வைத்திருக்கவும் வசதியின்றி மக்கள் ஆற்றிலும் குளத்திலும் விட்டவையும் அவற்றுள் உண்டு.

அப்படி விடும்போது பிள்ளைகள் ஒரு நன்மை செய்ததாகவே நினைப்பார்கள். அகிஹிதோவும் அகபோஷியும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆகவே உம்மாமார் இவ்விடயத்தில் பிள்ளைகளுக்கு முற்கூட்டியே சொல்லிக் கொடுக்க வேண்டும். மீன் வாங்கும் முன்னர் அது எவ்வளவு பெரிதாக வளரும் என்று கடைக்காரரிடம் கேட்டறியுங்கள். வளர்க்க முடியாமற் போனால் வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டியுள்ள ஒருவரிடம் ஒப்படையுங்கள். குளத்திலும் வாய்க்காலிலும் விடாதீர்கள்; வெள்ளம் வந்தால் நிரம்பி வழியும் கிணற்றிலும் விடாதீர்கள். வீட்டில் தூண்டில் பிரியர்கள் இருந்தால், அறுந்த நூலையும் கிழிந்த பிளாஸ்டிக்கையும் கரையில் போட்டுவிட்டு வராமல் பையில் போட்டுக் கொண்டு வரும்படி சொல்லுங்கள்.

ஒரு மீனை நீரில் விட்டுவிட ஒரு கணம் போதும். அப்படி விட்டவற்றைத் திரும்ப எடுக்க பிவா வாவி மீனவர்கள் இன்னும் வலை வீசிக் கொண்டிருக்கிறார்கள்.